சுவீடன் அலுவலகக் கொள்கைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவீடன் நிறுவனங்களில் பணியாளர் கொள்கைகளைப் பெரும்பாலும் சுவீடிஷில்தான் முதலில் எழுதுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்து சேரும் ஊழியர்களுக்கு அதன் ஆங்கிலப் பிரதி கிடைக்கும். ஸ்டாக்ஹோமிலும் கோத்தன்பர்கிலும் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர் தங்கள் விடுப்பு, சம்பளம், பாதுகாப்பு எல்லாவற்றையும் அந்தப் பிரதியை நம்பித்தான் தெரிந்துகொள்கிறார்கள். அதில் ஒரு சொல் தவறினால், வாசிப்பவர் தனக்கு உள்ள உரிமையை இல்லை என்று நினைத்துவிடலாம். இந்த வேலையைச் செய்பவர்களும், இப்படிப்பட்ட பிரதிகளை வாசிப்பவர்களும் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

இரண்டு மொழியும் நன்றாகத் தெரிந்தால் போதாதா?

போதாது. இந்தச் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு சட்டத்தின் மேல் நிற்கின்றன. தொழிற்சங்கத்தோடு பேசாமல் பெரிய மாற்றங்களை முடிவு செய்யக் கூடாது என்பது 1976-இன் இணைமுடிவுச் சட்டம்; சுருக்கமாக எம்பிஎல் என்பார்கள். பணிச்சூழல் சட்டம் 1977-இல் வந்தது. வேலைப் பாதுகாப்புச் சட்டமான லாஸ் 1982-ஐச் சேர்ந்தது. பாகுபாட்டுச் சட்டம் 2008-இல் நிறைவேறி 2009 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. இவற்றுக்கு மேல், தொழிற்சங்கங்களும் முதலாளிகள் தரப்பும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தங்கள் வேறு. சுவீடனில் குறைந்தபட்ச ஊதியத்துக்குச் சட்டமே கிடையாது, அதையும் இந்த ஒப்பந்தங்கள்தான் தீர்மானிக்கின்றன.

இந்த ஏற்பாடு இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இல்லை. அதனால் அகராதியில் முதலில் கிடைக்கும் ஆங்கிலச் சொல் பல சமயம் வேறொரு நாட்டுச் சட்டத்தை இழுத்துக்கொண்டு வந்துவிடும். நான் ஒவ்வொரு வரியையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் சோதிப்பேன்: இதைப் படிக்கும் ஊழியர் சரியான நாளில், சரியான ஆளிடம், சரியான காரியத்தைச் செய்வாரா? ஆம் என்றால் அது நல்ல மொழிபெயர்ப்பு. வாக்கியம் அழகாக இருப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அதிகம் தவறாக மொழிபெயர்க்கப்படும் சொல் எது?

என் கணக்கில் 'க்ரெங்கண்டே சேர்பெஹாண்ட்லிங்'. வேலையிடத்தில் ஒருவரை இழிவுபடுத்தும் விதமாக நடந்துகொள்வதுதான் இது. அந்த நடத்தையால் அவருடைய உடல்நலமோ மனநலமோ கெடலாம், அல்லது அவர் சக ஊழியர்களின் வட்டத்திலிருந்து ஒதுக்கப்படலாம் என்றால் விதி பொருந்தும். கூட்டத்துக்கு வேண்டுமென்றே அழைக்காமல் விடுவது, எல்லார் முன்னாலும் கேலி செய்வது, வேலைக்குத் தேவையான தகவலை மறைப்பது எல்லாம் இதற்குள் வரும்.

'சேர்பெஹாண்ட்லிங்' என்ற பகுதிக்கு நேர்ப்பொருள் 'வேறுபடுத்தி நடத்துவது'. அதைப் பார்த்துப் பலர் 'டிஸ்கிரிமினேஷன்' என்று போட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. பாகுபாடு என்பது தனிச் சட்டம். அதற்கு ஏழு அடிப்படைகள் உண்டு: பால், பால் கடந்த அடையாளம் அல்லது வெளிப்பாடு, இனம், மதம் அல்லது பிற நம்பிக்கை, மாற்றுத்திறன், பாலியல் நாட்டம், வயது. அந்தப் புகாரைப் பார்ப்பது சமத்துவ ஆம்பட்ஸ்மன் அலுவலகம். க்ரெங்கண்டே சேர்பெஹாண்ட்லிங்குக்கு இந்த ஏழில் எதுவும் தேவையில்லை. அது பணிச்சூழல் சட்டத்தின் கீழ் வரும், அதைக் கண்காணிப்பது பணிச்சூழல் ஆணையம். சொல்லை மாற்றினால் புகார் தவறான அலுவலகத்துக்குப் போகும்.

'புல்லியிங்' என்று போடலாமா? அது குறுகிவிடும். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லைக் கேட்டதும் திரும்பத் திரும்ப நடப்பதுதான் நினைவுக்கு வரும். 1993-இன் பழைய சுவீடிஷ் விதியிலும் 'திரும்பத் திரும்ப' என்ற நிபந்தனை இருந்தது. 2015-இல் வந்து 2016 மார்ச் 31 முதல் நடைமுறையான விதியில் அதை எடுத்துவிட்டார்கள். புல்லியிங் என்று எழுதினால், நீக்கிய நிபந்தனையை நாமே திரும்பக் கொண்டுவருகிறோம்.

பணிச்சூழல் ஆணையம் ஆங்கிலத்தில் பயன்படுத்துவது 'விக்டிமைசேஷன்'. அதிகாரபூர்வமானது என்றாலும் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. இங்கிலாந்தின் 2010 சமத்துவச் சட்டத்தில் விக்டிமைசேஷன் என்றால், புகார் கொடுத்தவரைப் பழிவாங்குவது. அதற்குச் சுவீடிஷில் வேறு சொல் இருக்கிறது: 'ரெப்ரெஸ்ஸாலியெர்', ஆங்கிலத்தில் 'ரிப்ரைசல்ஸ்'. லண்டனில் மனிதவளத் துறையில் பழகியவர் சுவீடன் பிரதியைப் படித்தால் குழம்பத்தான் செய்வார். நான் செய்வது இதுதான்: விக்டிமைசேஷன் என்றே போட்டு, முதல் முறை வரும் இடத்தில் சுவீடிஷ் சொல்லையும் முழு வரையறையையும் கொடுப்பேன். பழிவாங்கலுக்கு எங்கும் ரிப்ரைசல்ஸ்தான். 'டிராகஸ்ஸெரியெர்' வந்தால் 'ஹராஸ்மென்ட்'. அது அந்த ஏழு அடிப்படைகளோடு தொடர்புள்ள துன்புறுத்தல். இந்த மூன்றையும் ஒரே ஆவணத்தில் மாற்றி மாற்றிப் போடவே கூடாது.

'வார்செல்' என்றால் வேலைநீக்கமா?

இல்லை. இதைத் தவறாகப் புரிந்துகொண்டு தூக்கம் கெட்டவர்கள் நிறையப் பேர். வார்செல் என்றால் முன்னறிவிப்பு. யார் யாருக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு என்பதைப் பார்த்துத்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

குறைந்தது ஐந்து பேர் வேலை இழக்கக்கூடும் என்றால் நிறுவனம் பொது வேலைவாய்ப்புச் சேவைக்கு அறிவிக்க வேண்டும். செய்தித்தாளில் '200 பேருக்கு வார்செல்' என்று வருவது இதுதான். இந்தக் கட்டத்தில் ஒருவருக்கும் வேலை போயிருக்காது. சங்கத்தோடு பேச்சு நடக்கும், எண்ணிக்கை குறையலாம், யார் போவார்கள் என்பதும் தெரியாது. இதை ஆங்கிலத்தில் 'நோட்டீஸ்' என்று மட்டும் எழுதினால், '200 பேருக்கு நோட்டீஸ் கொடுத்துவிட்டார்கள்' என்றுதான் யாரும் படிப்பார்கள். ஆகவே 'வேலைக்குறைப்புத் திட்டம் பற்றி வேலைவாய்ப்புச் சேவைக்கு அறிவிப்பு' என்று விரித்து எழுதுங்கள். வரி நீளும், நீளட்டும்.

வேலைநிறுத்தத்துக்கும் வார்செல் உண்டு. எதிர்த் தரப்புக்கும் மத்தியஸ்த அலுவலகத்துக்கும் குறைந்தது ஏழு வேலை நாள் முன்னால் சொல்ல வேண்டும். மூன்றாவது வகை தனி ஆளைப் பற்றியது: ஊழியரின் நடத்தை போன்ற, அவரைச் சார்ந்த காரணங்களுக்காக ஒருவரை நீக்க நினைத்தால் அவருக்கு இரண்டு வாரம் முன்னால் தகவல் தர வேண்டும், அவர் சங்க உறுப்பினர் என்றால் அதே சமயம் சங்கத்துக்கு வார்செல் போக வேண்டும்.

அப்படியானால் வேலைநீக்கத்துக்கு என்ன சொல்?

இரண்டு உண்டு, கலக்கக் கூடாது. 'உப்சேக்னிங்' அறிவிப்புக் காலத்தோடு வேலையை முடிப்பது. லாஸ் சட்டப்படி அந்தக் காலம், பணியாற்றிய ஆண்டுகளைப் பொறுத்து ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை. 'ஆவ்ஷேட்' என்பது கடுமையான கடமை மீறலுக்காக உடனே வெளியே அனுப்புவது, அதில் அறிவிப்புக் காலமே இல்லை. ஆங்கிலத்தில் 'சம்மரி டிஸ்மிஸல்'. இரண்டையும் 'டிஸ்மிஸல்' என்று மட்டும் எழுதிய கொள்கைகளைப் பார்த்திருக்கிறேன். வாசிக்கும் ஊழியருக்கு எதில் சம்பளம் தொடரும், எதில் தொடராது என்று தெரியவே தெரியாது. ஊழியர் தானாக விலகுவதும் சுவீடிஷில் உப்சேக்னிங்தான். அங்கே 'ரெசிக்னேஷன்' போட வேண்டும்.

நீக்கத்துக்கான காரணமாக 'ஆர்பெட்ஸ்பிரிஸ்ட்' வரும். நேர்ப்பொருள் வேலைப் பற்றாக்குறை. ஆனால் மேசை நிறைய வேலை இருந்தாலும், மறுசீரமைப்பு அல்லது செலவுக் குறைப்பு என்றால் அதுவும் ஆர்பெட்ஸ்பிரிஸ்ட்தான். 'ஷார்ட்டேஜ் ஆஃப் வொர்க்' என்று சட்ட மொழிபெயர்ப்புகளில் வரும். சாதாரண ஊழியருக்கு 'ரிடன்டன்சி' எளிதாகப் புரியும், ஆனால் இங்கிலாந்தில் அந்தச் சொல்லோடு சட்டப்படியான இழப்பீட்டுத் தொகை ஒட்டிக்கொண்டு வரும். சுவீடன் சட்டத்தில் அப்படி ஒரு தொகை இல்லை. கிடைத்தால் ஒப்பந்தத்தின் மூலம்தான். ரிடன்டன்சி என்று போட்டால் இந்த ஒரு வரியைச் சேர்த்தே ஆக வேண்டும்.

இன்னொன்று: 2022 அக்டோபர் 1 முதல் லாஸ் சட்டத்தில் பல சொற்கள் மாறிவிட்டன. 'பொதுக் குறித்தகாலப் பணி' போய் 'சிறப்புக் குறித்தகாலப் பணி' வந்தது. ஐந்து ஆண்டுக்குள் 12 மாதத்துக்கு மேல் அப்படி வேலை பார்த்தால் நிரந்தரப் பணியாக மாறும். பழைய மொழிபெயர்ப்பை நகல் எடுப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆங்கிலச் சொல் போலவே தெரிந்து ஏமாற்றும் சொற்கள் உண்டா?

நிறைய. 'செமெஸ்தெர்' கல்லூரிப் பருவம் இல்லை, வருடாந்திர விடுப்பு. சட்டப்படி 25 நாள். அதில் நான்கு வாரத்தை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தொடர்ச்சியாகக் கேட்கலாம். இதை 'ஹாலிடே' என்று எழுதினால் அரசு விடுமுறையோடு குழம்பிவிடும். 'ஆன்யுவல் லீவ்' நல்லது. அரசு விடுமுறைக்குப் 'பப்ளிக் ஹாலிடே'.

'பெர்மிஷூன்' அனுமதி இல்லை. நெருங்கிய உறவினரின் இறுதிச்சடங்கு போன்ற காரியத்துக்குக் கிடைக்கும் குறுகிய, சம்பளத்தோடு கூடிய விடுப்பு. 'பெர்மிஷன் இஸ் கிராண்டட்' என்று மொழிபெயர்த்தால் எதற்கு அனுமதி என்று யாருக்கும் விளங்காது. இதோடு ஒட்டிப் பிறந்தது போல இருக்கும் 'பெர்மித்தேரிங்' வேறு விஷயம்: வேலை தற்காலிகமாக நிற்கிறது, ஆனால் ஆள் பணியில்தான் இருக்கிறார். இதை 'லே-ஆஃப்' என்று எழுதினால் அமெரிக்க ஆங்கிலத்தில் வேலை போய்விட்டது என்றே பொருள். 2020 பெருந்தொற்றுக் காலத்தில் அரசு ஆதரவோடு நடந்த குறுகிய நேர வேலைத் திட்டத்தையும் மக்கள் பேச்சில் பெர்மித்தேரிங் என்றார்கள். அதற்கு 'ஷார்ட்-டைம் வொர்க்' சரி.

'எவென்துவெல்' என்பது 'கடைசியில்' இல்லை, 'இருந்தால்'. 'எவென்துவெல் ஓவெர்டீட்' என்றால் மிகைநேர வேலை ஏதாவது இருந்தால் என்று பொருள். 'ருத்தீன்' என்பது செயல்முறை, 'ப்ரொசீஜர்'. 'ஷேஃப்' மேலாளர். 'நர்மஸ்தே ஷேஃப்' என்பது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மேலாளர் இல்லை, உங்களுக்கு நேர் மேலே இருப்பவர். 'லைன் மேனேஜர்' போடுங்கள்.

'ஸ்கா' என்ற வினைச்சொல்லை எப்போதும் 'மஸ்ட்' என்று போடலாமா?

கூடாது. சுவீடிஷ் கொள்கைகளில் ஸ்கா மூன்று வேலை செய்யும். ஒரு வாக்கியத்தைப் பார்ப்போம்: 'அல்லா ஸ்கா திரீவாஸ் போ யொப்பெத்'. சொல்லுக்குச் சொல் வைத்தால் 'எல்லாரும் வேலையில் மகிழ்ச்சியாக இருந்தே ஆக வேண்டும்' என்று வரும். எழுதியவர் சொல்ல வந்தது 'எல்லாரும் இங்கே நிறைவாக உணர வேண்டும் என்று விரும்புகிறோம்' என்பதைத்தான். இது விருப்பம்.

'மேலாளர் ஆறு வாரத்துக்குள் விசாரணையைத் தொடங்க ஸ்கா' என்பது கடமை. அங்கே மஸ்ட் தயக்கமில்லாமல் போடலாம். மூன்றாவது நுட்பமானது: 'பாதிக்கப்பட்டதாக உணர்பவர் தன் மேலாளரை அணுக ஸ்கா.' இங்கே மஸ்ட் போட்டால், ஏற்கெனவே நொந்து போயிருக்கும் ஒருவருக்கு உத்தரவு போடுவது போல ஆகிவிடும். அணுகாவிட்டால் தப்பு அவர் மேல் என்றுகூடத் தோன்றும். 'உங்கள் மேலாளரிடம் பேசுங்கள். அவரே பிரச்சினை என்றால் மனிதவளத் துறையிடமோ பாதுகாப்புப் பிரதிநிதியிடமோ பேசுங்கள்' என்று எழுதலாம். மூலத்தில் இரண்டாம் பகுதி இல்லை என்றால், வாடிக்கையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

பெற்றோர் விடுப்பு 480 நாள் என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். 480 என்பது ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் உதவித்தொகை நாட்களின் எண்ணிக்கை. அதைத் தருவது சமூகக் காப்பீட்டு முகமை. விடுப்பைத் தருவது முதலாளி. குழந்தைக்கு 18 மாதம் ஆகும்வரை, உதவித்தொகை வாங்கினாலும் வாங்காவிட்டாலும், பெற்றோர் முழு விடுப்பில் இருக்கலாம். சுவீடிஷில் இந்த வேறுபாடு சொல்லின் வாலிலேயே தெரியும்: 'லேடிக்ஹேட்' என்று முடிந்தால் விடுப்பு, 'பென்னிங்' என்று முடிந்தால் பணம். ஆங்கிலத்தில் 'லீவ்', 'பெனிஃபிட்' என்று பிரித்து வைத்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் வீட்டில் இருப்பதற்கு 'வாப்' என்பார்கள். பொதுவாக 12 வயதுக்குக் கீழ், ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 120 நாள் வரை. இதை 'சிக் லீவ்' என்று போட்டால் ஊழியரின் சொந்த நோய் விடுப்போடு கலந்து சம்பளக் கணக்கே மாறிவிடும்.

'கரென்ஸ் ஆவ்டிராக்' தண்டனையா? என் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்களே?

தண்டனை இல்லை. நோய் விடுப்பில் முதலாளி இரண்டு வாரம் வரை 80 சதவீதம் நோய்க்கால ஊதியம் தருவார். அதிலிருந்து ஒரு முறை பிடிக்கும் தொகைதான் இது: சராசரி வாரத்து நோய்க்கால ஊதியத்தில் 20 சதவீதம். 2019-க்கு முன் முதல் நாளுக்கு ஊதியமே இல்லை என்ற முறை இருந்தது. அதை மாற்றி இதைக் கொண்டுவந்தார்கள்.

மாதச் சம்பளம் 30,000 குரோனர் என்று வையுங்கள். வருடச் சம்பளத்தை 52-ஆல் வகுத்தால் வாரத்துக்குச் சுமார் 6,923. அதில் 80 சதவீதம் 5,538. அதில் ஐந்தில் ஒரு பங்கு, ஏறத்தாழ 1,108 குரோனர். இந்தக் கணக்கை ஆங்கிலப் பிரதியில் அப்படியே போட்டுவிட்டால் 'குவாலிஃபையிங் டிடக்ஷன்' என்ற சொல் புரியாவிட்டாலும் பரவாயில்லை. வெறும் 'சிக்னஸ் டிடக்ஷன்' என்று எழுதினால், உடம்பு சரியில்லாமல் போனதற்கே அபராதம் என்று தோன்றும்.

'ஷூட்ஸோம்பூட்' என்பவர் சேஃப்டி ஆபீசரா?

இல்லவே இல்லை. சேஃப்டி ஆபீசர் நிர்வாகத்தின் ஆள். ஷூட்ஸோம்பூட் ஊழியர்களின் ஆள். வழக்கமாக அவரை நியமிப்பது தொழிற்சங்கம். ஐந்து பேராவது வேலை பார்க்கும் இடத்தில் ஒருவர் இருக்க வேண்டும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருந்து, முதலாளியிடம் பேசியும் தீர்வு கிடைக்கவில்லை என்றால், பணிச்சூழல் ஆணையம் முடிவு சொல்லும்வரை வேலையை நிறுத்தும் அதிகாரம்கூட அவருக்கு உண்டு. 'சேஃப்டி ரெப்ரசன்டேட்டிவ்' என்று எழுதுங்கள்.

இதோடு சேர்த்து: 'தில்பூட்' விபத்து இல்லை, விபத்தாகியிருக்க வேண்டியது நூலிழையில் தப்பியது. 'நியர் மிஸ்' என்றால் எல்லாருக்கும் புரியும்.

'ஷூர்', 'பெரேட்ஸ்காப்' இரண்டும் ஆன்-கால்தானே?

ஷூரில் வேலையிடத்திலேயே காத்திருக்க வேண்டும். பெரேட்ஸ்காப்பில் வீட்டில் இருக்கலாம், கூப்பிட்டால் போக வேண்டும். சம்பளமும் ஓய்வுக் கணக்கும் வேறு. முதலாவதுக்கு 'ஆன்-கால் அட் த வொர்க்பிளேஸ்', இரண்டாவதுக்கு 'ஸ்டாண்ட்பை' என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

'வெர்க்சம்ஹேட்' என்ற சொல்லை என்ன செய்வது?

இதற்கு ஒரே பதில் கிடையாது. இடத்துக்கு ஏற்ப செயல்பாடு, நிறுவனம், துறை, பணி என்று மாறும். பல இடங்களில் அதை அப்படியே விட்டுவிட்டாலும் வாக்கியம் முழுமையாகவே நிற்கும்.

அலுவலகங்களின் ஆங்கிலப் பெயர்களை எங்கே பார்ப்பது?

சுவீடன் வெளியுறவு அமைச்சகம் 'உத்ரிகெஸ் நாம்ன்பூக்' என்ற பெயர்ப் பட்டியலை வெளியிடுகிறது. அரசு அலுவலகங்கள், பதவிகள் எல்லாவற்றுக்கும் ஏற்றுக்கொண்ட ஆங்கிலப் பெயர் அதில் உண்டு. நாமே மொழிபெயர்த்தால் தப்பாகும்: 'டிஸ்கிரிமினேரிங்ஸ்ஓம்புட்ஸ்மன்னென்' என்பதற்கு ஆங்கிலப் பெயர் 'ஈக்வாலிட்டி ஆம்பட்ஸ்மன்'. சொல்லைப் பார்த்து இதை யாரும் ஊகிக்க முடியாது. கலைச்சொற்களுக்கு ரிக்ஸ்டெர்ம்பாங்கன் என்ற தேசியச் சொல்வங்கியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஐயேட் தளமும் இலவசம்.

பணிச்சூழல் விதிகளின் எண்களையும் சரிபாருங்கள். 2025 ஜனவரி 1 முதல் ஆணையம் தன் விதிகள் முழுவதையும் 15 தொகுப்புகளாக மாற்றி அடுக்கிவிட்டது. முறையான பணிச்சூழல் மேலாண்மை முன்பு 2001:1, இப்போது 2023:1. பழைய எண்ணோடு வரும் ஆங்கிலக் கொள்கையை யாராவது தேடிப் போனால் செல்லாத விதியில்தான் போய் நிற்பார்.

இயந்திர மொழிபெயர்ப்பு போதுமா?

முதல் வரைவுக்கு உதவும். ஆனால் ஒரே சுவீடிஷ் சொல்லை முதல் பக்கத்தில் ஒரு மாதிரி, ஐந்தாம் பக்கத்தில் வேறு மாதிரி தந்துவிடும். கொள்கையில் இரண்டு சொல் என்றால் இரண்டு விதி என்று வாசகர் நினைப்பார். முதலில் சொற்பட்டியலை உட்கார்ந்து தயாரியுங்கள், அப்புறம் எந்தக் கருவியையும் தொடுங்கள்.

சுவீடிஷும் ஆங்கிலமும் முரண்பட்டால் எது செல்லும்?

சட்டங்களைப் பொறுத்தவரை சுவீடிஷ் பிரதி மட்டுமே செல்லும். அரசே வெளியிடும் ஆங்கில மொழிபெயர்ப்புகளும் தகவலுக்காகத்தான். நிறுவனக் கொள்கையில் இதை முதல் பக்கத்திலேயே எழுதுவது நல்லது. ஆனால் அந்த ஒரு வரியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஆங்கிலத்தை அலட்சியமாக விடுவதை நான் ஏற்க மாட்டேன். சுவீடிஷ் தெரியாதவருக்கு அந்த ஆங்கிலம்தான் கொள்கை.

எந்தச் சொற்களை சுவீடிஷிலேயே விடலாம்?

ஊழியர் தினமும் காதால் கேட்கும் சொற்களை விட்டுவிடுங்கள், கூடவே ஒரு வரி விளக்கம் கொடுங்கள். வாப் அப்படிப்பட்டது, சம்பளச் செயலியில் அவர் அழுத்த வேண்டிய பொத்தானிலேயே அதுதான் எழுதியிருக்கும். சம்பளச் சீட்டில் 'ஓபி' என்று வரும், அது மாலை, இரவு, வார இறுதி வேலைக்கான கூடுதல் படி. 'ஃப்ரிஸ்க்வோர்ட்ஸ்பிட்ராக்' என்பது உடற்பயிற்சிக்கும் நலனுக்கும் நிறுவனம் தரும் தொகை. எல்லா ஊழியருக்கும் ஒரே மாதிரி கிடைத்தால்தான் அதற்கு வரி இல்லை. ஆங்கிலத்தில் 'வெல்னஸ் அலவன்ஸ்' என்று மட்டும் படித்துவிட்டுப் போனவர், சம்பளச் செயலியில் அந்தச் சுவீடிஷ் சொல்லை அடையாளம் தெரியாமல் வருடம் முழுக்க அந்தப் பணத்தைக் கேட்காமலே விட்டுவிடக்கூடும்.